மாப்பிள்ளை போட்டுக் கொடுத்தது

முதலாண்டு நினைவு நாளுக்குப் பத்திரிகையில் போட நாலு வரி வேண்டும் என்று அக்கா கேட்டாள். எழுதிக் கொடுத்தேன். அதில் பொய் எதுவும் இல்லை. ‘எல்லாருக்கும் எல்லாம் செய்து கொடுத்தவர்’ என்பது அதில் ஒரு வரி. அவர் எல்லாருக்கும் எல்லாம் செய்து கொடுத்தவர்தான். அந்த நாலு வரியில் அடங்காததை இங்கே எழுதுகிறேன். பெயரை அங்கே போட்டாயிற்று. இங்கே வேண்டாம்.

அவர் என் அக்காவின் கணவர். எனக்கு மச்சான், எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளை. கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் கோபாலபுரம் பக்கத்தில் மாப்பிள்ளை என்ற சொல்லுக்கு என்ன எடை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அவர் வாசலில் வண்டியை நிறுத்தினால் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார். அவர் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் நாங்கள் இலை போட்டு உட்காருவோம். அவர் கையால் ஒரு ஆணி அடித்துக் கொடுத்தால் அதை யாரும் பிடுங்கி வேறு இடத்தில் அடிக்க மாட்டோம். அடித்தால் பேச்சு ஆணியோடு நிற்காது. அந்த வீட்டில் இருக்கும் எங்கள் பெண்ணின் தலையில் போய் விழும்.

ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் கரண்ட் பார்க்கிற டெஸ்டர் இருக்கும். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு இருந்தது. வருமானத்துக்குக் குறைவில்லை. நேரம்தான் மிச்சம். அந்த நேரத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக, வீடு வீடாகப் போவார். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் நலம் விசாரிக்கும் முன் கூரையிலிருந்து தரை வரைக்கும் ஒருமுறை பார்ப்பார். பிறகு அவருடைய முதல் வாக்கியம் வரும்.

“இத யாருங்க இங்க வெச்சது?”

எது கண்ணில் பட்டாலும் இதே கேள்விதான். அது மிக்ஸியாக இருக்கலாம், சாமி படமாக இருக்கலாம். யார் வைத்தது என்று நாம் பதில் சொல்லத் தொடங்கும்போது அவர் டெஸ்டரை எடுத்திருப்பார். பதில் முடியும்போது அந்தப் பொருள் வேறு இடத்தில் இருக்கும். கையைத் தட்டிக்கொண்டு இரண்டாவது வாக்கியத்தைச் சொல்வார்.

“பழகிரும்ங்க.”

இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் அவர் வாழ்ந்தார். நாங்களும்.

எங்கள் சமையலறையில் அடுப்பு ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தது. கேஸ் குழாய் வளைகிறது என்று சொல்லி அதை எதிர்ச் சுவருக்கு மாற்றினார். அம்மாவுக்கு இடது கைப் பழக்கம். புதிய இடத்தில் சுவர் இடது முழங்கையை இடித்தது. வாணலியின் மேலாகக் கையைக் கொண்டுபோய்த்தான் கரண்டியை எடுக்க வேண்டும். மணிக்கட்டில் சூடு பட்டபோது அம்மா சிரித்துக்கொண்டே அவரிடம் காட்டினாள். “பழகிரும்ங்க அத்தை” என்றார். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அடுப்பும் அங்கேதான் இருக்கிறது.

தோட்டத்து மோட்டாருக்குத் தானே ஓடித் தானே நிற்கிற பெட்டி ஒன்றை மாட்டினார். அது உச்சி வெயிலில் தண்ணீரைத் திறந்துவிடும். விடியற்காலையில் பாய்ச்சுவதுதான் அப்பாவின் வழக்கம். அப்பா மெதுவாக, “மாப்பிள்ளை, இந்த வெயிலுக்குத் தக்காளி வேர் வெந்துருமுங்க” என்றார். “செடியும் பழகிக்குமுங்க மாமா.” அந்த வருடத் தக்காளி பழகிக்கொள்ளவில்லை.

அக்காவின் கண்ணாடிச் சட்டத்தையும் அவர்தான் தேர்ந்தெடுத்தார். கடைக்கு அவளையும் கூட்டிப்போயிருந்தார். அவள் கையில் எடுத்துப் பார்த்த சிறிய சட்டத்தை வாங்கித் திரும்ப வைத்துவிட்டு, அகலமான ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அது அவள் மூக்கில் நிற்காது. மாவு பிசைந்தாலும் துணி அலசினாலும் மணிக்கட்டால் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டே இருப்பாள். மாற்றித் தருகிறேன் என்று நான் ஒருமுறை சொன்னேன். “இருக்கட்டும் உடுடா, பழகிருச்சு” என்றாள்.

செக்போஸ்ட் பக்கத்து டீக்கடைக்காரர் ஒருநாள் என்னிடம் சொன்னார்: “ஏனுங்க, உங்க மச்சான் நேத்து வந்து நம்ம பாய்லர அந்தப் பக்கமாத் திருப்பி வெச்சுப்போட்டுப் போயிட்டாருங்க. இப்ப ஒரு டீக்கு நானு சர்க்கரைக்கு ஒரு நடை, பாலுக்கு ஒரு நடை. திட்டிப் போடலாம்னு பாத்தா மனுசன் டீக்கும் காசு குடுத்துட்டுப் போறாரு.”

“திருப்பி வெச்சுக்கறதுதானுங்க?”

“வேண்டாமுங்க. நாளைக்கு வந்து பாப்பாரு.”

அவர் யாரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை. அதுதான் அவருடைய பிடி. கூலி வாங்குகிறவனைக் கூப்பிட்டு, இது எனக்கு வேண்டாம், முன்பு இருந்தபடியே வை என்று சொல்லலாம். இவரிடம் நன்றி மட்டும்தான் சொல்ல முடியும். அவர் குரல் உயர்ந்தும் நான் கேட்டதில்லை. கோபப்படுகிறவராக இருந்திருந்தால் பதிலுக்கு நாமும் கோபப்பட்டிருக்கலாம். அவர் புன்னகையோடு வந்தார். நம் வீட்டுக்குள் நம் கை தானாகப் போகிற இடங்களை எல்லாம் மாற்றி வைத்துவிட்டுப் புன்னகையோடு போனார்.

இதுவரை எழுதியதையெல்லாம் நான் மன்னித்துவிட முடியும். கம்ப்யூட்டர் விஷயத்தை முடியாது.

அப்பா பால் சங்கத்தில் செயலாளராக இருந்தவர். இளவயதில் பொள்ளாச்சியில் தங்கித் தமிழ் டைப்ரைட்டிங் படித்தார். எங்கள் பக்கத்தில் அரசாங்கக் காகிதமெல்லாம் மலையாளத்தில் வரும். அப்பா அதற்குத் தமிழில் மனு அடித்து அனுப்புவார், தமிழில் பதில் வேண்டும் என்று கடைசி வரியில் கேட்பார். கால்வாய்த் தண்ணீர் வரவில்லையென்றால் ஊர் அவரிடம்தான் வரும். கையில் அவ்வளவு வேகம், வாயில் அதைவிட வேகம். அவர் சங்கத்தில் யாரோடாவது வாதாடினால் பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்களுக்குக் கேட்கும்.

அந்தக் குரலைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். தொண்டையில் புற்று. உயிரைக் காப்பாற்ற வேறு வழி இல்லை என்றார்கள். வீட்டுக்கு வந்தபோது அவருடைய கழுத்தில் ஒரு துளை இருந்தது. வாயிலிருந்து காற்று மட்டும் வந்தது. கை நடுக்கம் அவருக்கு முன்பே உண்டு. காகிதத்தில் எழுதினால் அவர் எழுதியதை அவராலேயே படிக்க முடியவில்லை. என் போனைக் கொடுத்துப் பார்த்தேன். ஒரு எழுத்தைத் தொடப் போனால் விரல் நடுங்கிப் பக்கத்து எழுத்தில் விழுந்தது. போனை மெத்தையில் எறிந்தார். பிறகு சாப்பாட்டு மேசையில் இரண்டு கைகளையும் வைத்து, விரல்களை மடக்கி வேகமாகத் தட்டினார். வரி முடிந்ததும், டைப்ரைட்டரில் அடுத்த வரிக்குப் போவதுபோல, இடது கையை உயர்த்தி இல்லாத ஒரு பிடியை வலப்பக்கம் தள்ளினார். அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்குப் புரிந்தது.

நான் அப்போது கம்பம்மெட்டில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பொள்ளாச்சி, பழனி, கம்பம் என்று தமிழ்நாட்டுக்குள் இறங்கிச் சுற்றித்தான் கேரளத்தின் அந்த மூலைக்குப் போக முடியும். அதனால் மாதத்தில் இரண்டு முறைதான் வீட்டுக்கு வருவேன். ஒரு வருகையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிவந்து, எழுதுவதற்கான மென்பொருள்கள் மூன்றை அதில் போட்டேன். ஒன்று, உலகம் முழுவதும் அலுவலகங்களில் காசு கொடுத்து வாங்குவது. இன்னொன்று, அதைப் போலவே இருக்கும், ஆனால் இலவசம். மூன்றாவது, தமிழ்நாட்டில் யாரோ ஒரு தனி ஆள் செய்து வெளியிட்ட சின்ன மென்பொருள். அதில் வெள்ளைத் தாளும் எழுத்தும் தவிர ஒன்றும் கிடையாது. எழுதியது தானாகவே பத்திரமாகும். பழைய டைப்ரைட்டரில் எந்த இடத்தில் எந்த எழுத்து இருந்ததோ அந்த இடத்திலேயே அந்த எழுத்து விழும். கை நடுங்கி ஒரே விசையைப் பல தடவை தட்டினாலும் ஒரு எழுத்துதான் விழும்படி கம்ப்யூட்டரையும் திருத்தி வைத்தேன்.

நான் எதையும் முடிவு செய்யவில்லை. செருப்புக் கடையில் காலை விட்டுப் பார்ப்பதுபோல அப்பா ஒவ்வொன்றிலும் கை வைத்துப் பார்த்தார். முதல் இரண்டிலும் திரையின் மேலே வரிசையாக இருந்த சின்னச் சின்னப் படங்களைப் பார்த்து முகம் சுளித்தார். மூன்றாவதில் அவர் கை நின்றது. பிறகு ஓடத் தொடங்கியது. அவர் முதலில் அடித்தது இது:

‘ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் சாப்பாட்டில் உப்பு இல்லை.’

அம்மா எழுத்துக்கூட்டிப் படித்தாள். “இதச் சொல்றதுக்கா இத்தன பாடுபட்டு இந்தப் பொட்டிய வாங்கிட்டு வந்தான் உங்க பையன்? டாக்டர்தான உப்பக் கொறைக்கச் சொன்னாரு.”

‘டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. நானும் அங்கேதான் இருந்தேன்.’

அடித்து முடித்துவிட்டு இடது கையால் காற்றில் பிடியைத் தள்ளினார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். அங்கே அவள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியாது. அன்று குழம்பில் உப்பு இருந்தது.

அப்பா திரும்பவும் அப்பாவானார். கால்வாய் மனு அடித்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து, “என்னங்க, இந்தத் தடவ தண்ணி உடுவாங்களா?” என்று கேட்டுவிட்டுத் திரையைப் பார்த்துக் காத்திருப்பார். பதில் வரி வரியாக விழும். அவர் அதைச் சத்தமாகப் படித்து, அதற்கு ஒரு மறுப்பும் சொல்வார். அப்பா இன்னும் வேகமாக அடிப்பார். எங்கள் வீட்டில் மறுபடியும் சண்டைச் சத்தம் கேட்டது.

அடுத்த தடவை நான் ஊருக்கு வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. அப்பா கட்டிலில் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாப்பிள்ளை வந்திருந்தாரு கண்ணு” என்றாள் அம்மா. “ஒருநாப் பூராவும் உக்காந்து எல்லாத்தையும் சரி பண்ணிக் குடுத்துட்டுப் போனாரு. சோறுகூடத் திங்கல பாவம்.”

திரையில் பெரிய ரோஜாப்பூ. விசைகள்மேல் ஒவ்வொன்றாக மஞ்சள் ஸ்டிக்கர், அதில் பெரிய இங்கிலீஷ் எழுத்து. மூலை தூக்காமல் அழகாக ஒட்டியிருந்தார். அப்பா தேர்ந்தெடுத்த மென்பொருள் இல்லை. நடுக்கத்துக்காக நான் செய்திருந்த திருத்தமும் இல்லை. அலுவலக மென்பொருள் இருந்தது. மாற்றுவதற்குப் பாஸ்வேர்டு கேட்டது. அவருக்குப் போன் செய்தேன்.

“மச்சான், அப்பா எழுதிட்டு இருந்தது காணமுங்க.”

“நாந்தான் எடுத்தேன் மச்சான். அத யாரு வெச்சது? ஆரோ ஒருத்தன் ஊட்டுல உக்காந்து செஞ்சது. நாளைக்கு ஒண்ணுன்னா ஆரப் போயிக் கேப்பீங்க? இப்ப இருக்கறது எல்லா ஆபீசுலயும் போடறது. வில்லேஜ் ஆபீசுக்கு அபேட்சை மனு குடுக்கறதுன்னா மலையாளமும் அதுலயே வரும்.”

“அப்பாவுக்கு டைப்ரைட்டர் முறைதானுங்க தெரியும்.”

“அதெல்லாம் இப்ப ஆருங்க வெச்சிருக்கறா? இங்கிலீசுல அம்மான்னு அடிச்சாத் தமிழ்ல அம்மான்னு வருது. சின்னக் கொழந்தைக அடிக்குது.”

“அவரு கொழந்த இல்லீங்களே.”

“ஒரு மாசம் உடுங்க. பழகிரும்.”

“அந்தப் பாஸ்வேர்டு சொல்லுங்க மச்சான்.”

“அது எதுக்கு உங்களுக்கு? என்னத்தையாச்சும் மாத்தோணும்னா ஒரு போன் அடிங்க, நானே வந்து போட்டுத் தாரேன்.”

குரலில் அவ்வளவு பிரியம். நான் போனை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரின் ஒயரைக் கழற்றக் குனிந்தேன். அம்மா வந்து என் தோளைப் பிடித்தாள். “வேண்டாம் சாமி. மாப்பிள்ளை போட்டுக் குடுத்தது. நீ மாத்துனா அக்காளுக்குத்தான் பேச்சு வரும்.”

அப்பா முயன்றார். அவர் முயலவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது. தமிழில் யோசித்து, அதன் ஓசைக்கு இங்கிலீஷ் எழுத்தைத் தேடி, மஞ்சள் ஸ்டிக்கர்களுக்கு நடுவில் அதைக் கண்டுபிடித்து, ஒற்றை விரலால் தொடுவார். விரல் நடுங்கும். ஒரு எழுத்து நாலாகும். அழிக்கப் போவார், அழிக்கும் விசையும் நாலாகும், முன்னால் இருந்த சொல்லும் சேர்ந்து போகும். பத்து விரலும் தெரிந்த மனிதர் ஒற்றை விரலோடு போராடினார். உப்புப் பற்றிய பேச்சு வீட்டில் திரும்ப வரவே இல்லை.

தீபாவளிக்கு அக்காவும் அவரும் வந்தார்கள். சொந்தக்காரர்கள் கூடியிருந்த நேரத்தில் அவர் அப்பாவைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்.

“மாமா, இவிங்களுக்கு ஒருக்கா அடிச்சுக் காட்டுங்க. மொதல்ல அம்மான்னு அடிங்க.”

அப்பா அவரைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா மணிக்கட்டால் கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு தரையைப் பார்த்தாள். அப்பாவின் விரல் விசையில் இறங்கியது. திரையில் ‘ஆஆஆஆ’ என்று வரி நீண்டுகொண்டே போனது.

“மாமா பாட்டுப் படிக்கறாருங்க” என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் யாரும் சிரிக்கவில்லை. அதனால் அது இன்னும் மோசமாக இருந்தது. அப்பா எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போனார். அவர்கள் வண்டி கிளம்பிப் போகும் வரைக்கும் உள்ளே வரவில்லை.

மறுநாள் நான் அம்மாவைக் கேட்கவில்லை. கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு பொள்ளாச்சிக்குப் போய், எல்லாவற்றையும் அழித்து, அப்பா தேர்ந்தெடுத்ததையே மறுபடியும் போட்டு வந்தேன். ஸ்டிக்கர்களை உரித்தேன். அப்பா உட்கார்ந்தார். பத்து விரலும் இடம் தேடிப் போய் அமர்ந்தன.

‘மாப்பிள்ளைக்குத் தெரியுமா?’

“தெரிஞ்சா என்னங்?” என்றேன்.

அந்த வாரமே தெரிந்தது. அவர் வந்தார், திரையைப் பார்த்தார், உரித்த இடத்தில் இருந்த பசையை விரலால் தொட்டுப் பார்த்தார். அம்மா கொடுத்த காப்பியைத் தொடவில்லை. “பரவால்லீங்க அத்தை. உங்க ஊடு. உங்க இஷ்டம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அக்கா வரவில்லை. அதுவரை ஞாயிறு தவறாமல் வந்து அப்பாவுக்கு நகம் வெட்டி, தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டுப் போவாள். போன் செய்தால், “தேங்கா போடறாங்கடா, ஆளுக்குச் சோறாக்கோணும்” என்பாள். எந்தத் தோப்பிலும் அத்தனை வாரம் தேங்காய் போட மாட்டார்கள். அவர் அவளை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. “மரியாத இல்லாத ஊட்டுக்கு நீ போயி என்ன பண்ணப் போற” என்று ஒரு தடவை சொன்னாராம். அவர் மாற்றி வைத்த எல்லாப் பொருளும் அவர் வைத்த இடத்திலேயே இருந்தது. அவளும் இருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் நோய் திரும்பிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அப்பா அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைப் போட்டார். என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

‘போய் மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேள்.’

“நான் என்னங்க தப்புப் பண்ணேன்?”

‘உன் மேல் தப்பு இல்லை. பெண் அவர் வீட்டில் இருக்கிறாள்.’

“அவரு வந்தா மறுபடியும் அதையேதான் போடுவாருங்க. அப்பறம் உங்களால ஒரு வார்த்த பேச முடியாது.”

அவர் நிதானமாக, ஒரு பிழை இல்லாமல் அடித்தார்.

‘போடட்டும். அவள் வரட்டும்.’

இடது கை காற்றில் பிடியைத் தள்ளியது. கம்ப்யூட்டரை அவரே அணைத்தார்.

நான் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து யாருடைய மிக்ஸியையோ பிரித்துக்கொண்டிருந்தார். நான் சொல்ல வந்ததை முடிக்கக்கூட விடவில்லை. “எதுக்கு மச்சான் மன்னிப்பெல்லாம்? நமக்குள்ள என்னங்க” என்று எழுந்து டெஸ்டரைப் பையில் செருகினார். “வாங்க, போயி அந்தச் சிஸ்டத்தச் சரி பண்ணிப் போடலாம்.” அக்கா கதவுக்குப் பின்னால் சேலை மாற்றி, கையில் பையோடு நின்றுகொண்டிருந்தாள். நான் வந்த பிறகு கட்டிய சேலையாகத் தெரியவில்லை.

அவர் எங்கள் வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்பப் போட்டார். புதிய ஸ்டிக்கர்களை ஒட்டினார். அப்பா அந்தப் பக்கமே பார்க்கவில்லை. அக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அப்பாவுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் அவளுடைய தலை வகிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நாளிலிருந்து கடைசி வரை அக்கா எங்களோடு இருந்தாள். அப்பா கம்ப்யூட்டர் பக்கம் போகவில்லை. போர்வையின்மேல் அவருடைய விரல்கள் மட்டும் அசையும். சில நாள் அக்காவின் முன்கையை மடியில் வைத்துக்கொண்டு அதன்மேல் தட்டுவார். பத்து விரலும் இறங்கும், ஏறும். வரி முடிந்ததும் இடது கை தள்ளும். அக்காவுக்கு டைப்ரைட்டிங் தெரியாது. எனக்கும் தெரியாது. அவள் கையை எடுக்காமல், “ஆமாங்கப்பா, ஆமாங்” என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

மச்சான் ஒருநாள் வாசல்படியில் நின்று இதைப் பார்த்தார். என் பக்கம் திரும்பி, நல்ல செய்தி சொல்வதுபோலச் சொன்னார்: “மாமா எத்தன அமைதியாயிட்டாரு பாருங்க. ஒண்ணும் கேக்கறதே இல்ல. பழகிருச்சு.”

நான் தினமும் டைரி எழுதுகிறவன். அன்றைய பக்கத்தில் இந்த வாக்கியத்தை அவர் சொன்னபடியே எழுதிவைத்தேன். அதற்குக் கீழே என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்ட இடம் இன்னும் காலியாக இருக்கிறது. அப்பா போய் இத்தனை வருடங்கள் ஆகியும் அந்தப் பக்கத்தை அடிக்கடி திருப்பிப் பார்க்கிறேன். மச்சான் முகத்துக்கு நேராக நான் எதுவும் சொல்லவில்லை. அக்கா திரும்பிப் போய் அவர் வீட்டில்தான் இருக்க வேண்டும். அவர் இருந்த வரைக்கும் அக்கா அங்கேதான் இருந்தாள்.

போன வருடம் அவர் தோப்பில் விழுந்து இறந்தார். நெஞ்சு வலி. எடுக்கும்போது தெரு கொள்ளாத கூட்டம். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் அவர் செய்து கொடுத்ததைச் சொன்னார்கள், சொல்லி அழுதார்கள். டீக்கடைக்காரரும் வந்திருந்தார். பாய்லரை இனித் திருப்பி வைத்துக்கொள்ளலாமே என்றேன். “இனி எதுக்குங்க” என்றார்.

அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு அவரோடு போய்விட்டது. நினைவு நாள் விளம்பரத்துக்கு நான் எழுதிக் கொடுத்த காகிதத்தை அடித்துப் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டும். போன வாரம் நான் போய் அந்தக் கம்ப்யூட்டரை வெறுமையாக்கி, அப்பாவுக்குப் போட்ட அதே மூன்றையும் போட்டேன். அக்காவைக் கூப்பிட்டேன்.

“எதுல எழுதறே, பாத்துச் சொல்லு.”

“எனக்கென்னடா தெரியும். நீயே ஒண்ணப் போட்டுக் குடுத்துட்டுப் போ. பழகிக்கறேன்.”

நான் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினேன். “நான் போட மாட்டேன். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல.”

என் முகத்தில் எதைப் பார்த்தாளோ, உட்கார்ந்தாள். அந்த நாலு வரியை மூன்றிலும் போட்டுக் காட்டினேன். அலுவலகத்தில் போடுவதைப் பார்த்து, “இது கண்ணக் குத்துது” என்றாள். அப்பாவுடையதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடினாள். இலவசமாகக் கிடைக்கும் இரண்டாவதில் எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னாள். பெரிதாக்கினேன். இன்னும் என்றாள். இன்னும் பெரிதாக்கினேன்.

கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு வரி வரியாகப் படித்தாள். ‘எல்லாருக்கும் எல்லாம் செய்து கொடுத்தவர்’ என்ற வரியின் முடிவில் நின்றாள்.

“அழிக்கறது எதுடா?”

காட்டினேன். அவள் ஒற்றை விரலால் அந்த விசையை அழுத்தினாள். அழுத்திப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாக, கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்து வரை அழித்தாள்.

“இது இருக்கட்டும்” என்றாள்.

பத்திரிகையில் மூன்று வரிதான் வந்தது.